ஸ்டேஜ் குரல் ஸ்பேஸ்ஷிப்புக்கு செட் ஆகுதான்னு பாக்குறது எப்படி

ஒரு சயின்ஸ் ஃபிக்ஷன் சீரியல் ஓடிட்டு இருக்கும்போது "என்னப்பா இந்த ஆளு இவ்ளோ நாடகத்தனமா பேசுறாரு, விண்கலத்துல யாரு இப்படி பேசுவா"ன்னு பக்கத்துல யாராவது சொல்லுவாங்க, இல்ல நமக்கே தோணும். பிடிச்சிருக்கு பிடிக்கலங்கறதோட விட்டுடாம அதை உருப்படியா எடை போட்டுப் பாக்கலாம், பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. என் கட்சி எதுன்னு முதல்லயே சொல்லிடுறேன்: மேடைப் பேச்சு அதுபாட்டுக்கு ஒரு குத்தம் இல்ல, ஆனா அந்தக் கேரக்டர் அப்படிப் பேசறதுக்கு கதைக்குள்ள ஒரு காரணம் இருக்கணும், அந்தக் காரணம் இல்லாத இடத்துல நடிகருக்கு அதைக் கழட்டி வைக்கவும் தெரியணும். இந்த ரெண்டையும் செக் பண்ணா போதும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. டப்பிங்ல பாத்துட்டு நடிகரோட உச்சரிப்பைப் பத்தி பேசக்கூடாது, அது வேற ஒருத்தரோட குரல். ஒரிஜினல் ஆடியோ வைங்க, முடிஞ்சா ஹெட்ஃபோன் போடுங்க, டிவில டயலாக்கை மட்டும் தூக்கிக் காட்டுற மோட் ஏதாவது ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, ஏன்னா அது முணுமுணுப்பையும் முழக்கத்தையும் ஒரே சைஸ் ஆக்கிடும், அப்புறம் நீங்க கேக்குறது மெஷினோட வேலையா நடிகரோட வேலையான்னே தெரியாது. சப்டைட்டில் வேணும்னா முதல் தடவைக்கு வச்சுக்கங்க, ரெண்டாவது தடவை அதே சீனை சப்டைட்டில் இல்லாம கேளுங்க. எழுத்தைப் படிக்கிற கண்ணு இருந்தா காது பாதி தூங்கிடும்.

இப்ப "நாடகத்தனம்"னு சொல்றோமே அது உண்மையில என்னன்னு பிரிக்கணும், இதைத்தான் நிறைய பேரு பண்றதே இல்ல. மைக் இல்லாத அரங்கத்துல கடைசி வரிசை வரைக்கும் வார்த்தை போகணும்னா மெய்யெழுத்துகளை அழுத்தி முடிக்கணும், உயிரெழுத்தைக் கொஞ்சம் இழுக்கணும், வாக்கியத்தோட கடைசி வார்த்தையை விழ விடாம தூக்கிப் பிடிக்கணும். இது உச்சரிப்பு. சத்தம் வேற, மாடுலேஷன் வேற, ஆக்சென்ட் வேற, வார்த்தைக்கு நடுவுல விடுற இடைவெளி வேற. பழைய ஸ்டார் ட்ரெக்ல கேப்டன் கிர்க்கா வந்த வில்லியம் ஷாட்னரைக் கிண்டல் பண்றவங்க எல்லாரும் கிண்டல் பண்றது அந்த இடைவெளியைத்தான், உச்சரிப்பை இல்ல. அவரு கனடாவுல இருக்குற ஸ்ட்ராட்ஃபோர்டு ஷேக்ஸ்பியர் விழாவுல வேலை பாத்தவரு, 1956ல கிறிஸ்டோஃபர் பிளம்மருக்கு உடம்பு சரியில்லாம போனப்ப அவருக்குப் பதிலா ஐந்தாம் ஹென்றியா மேடை ஏறினவரு. அதனால ஒரு சீனை எடுத்துக்கிட்டு, எது உறுத்துதுன்னு நீங்களே ஒரே வார்த்தையில சொல்லிப் பாருங்க: சத்தமா, இழுவையா, இடைவெளியா, ஆக்சென்ட்டா. சொல்ல முடியலன்னா இன்னொரு தடவை கேளுங்க.

நடிகரோட பயோடேட்டாவைப் பாத்து முடிவு பண்றது அதைவிட மோசம். "நாடகத்துலேர்ந்து வந்தவரு, அதான் அப்படி"ன்னு சொல்றோம், ஆனா எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ் பேர் வாங்கினதே மேடையிலதான், அதுக்கு டோனி விருதுக்கு நாமினேட் ஆனவரு, மேடைக்கே உரிய கெத்தான பேச்சுல. அவரே பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுல கப்பல் தளபதி அடாமாவா வரும்போது பாதி வாக்கியம் தொண்டைக்குள்ளயே நிக்குது. கேமராவைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆடி ஆடி எடுத்த, போர்ச் செய்தி மாதிரி இருக்குற சீரியல் அது, அங்க ஒருத்தர் அழுத்தம் திருத்தமா பேசியிருந்தா மொத்த கப்பலும் செட்டுன்னு தெரிஞ்சு போயிருக்கும். அவருக்கு மேடைக் குரல் தெரியாம இல்ல, தெரிஞ்சே உள்ள வச்சுக்கிட்டாரு. இதுலேர்ந்து ஒண்ணு எடுத்துக்கலாம், சீரியலோட மத்த விஷயங்களையும் சேத்துப் பாக்கணும், கேமரா எப்படி ஓடுது, லைட்டு எப்படி, பக்கத்துல நிக்கிறவங்க எப்படி பேசுறாங்க. ஒருத்தர் மட்டும் கச்சேரி பண்ண மத்தவங்க எல்லாம் டீக்கடை பெஞ்சு பேச்சு பேசினா, ஒண்ணு அது கேரக்டரோட தனிமையா இருக்கணும், இல்லன்னா நடிகர் தனியா வேற நாடகத்துல இருக்காருன்னு அர்த்தம்.

சரி, காரணம் இருக்கான்னு பாக்குறது எப்படி. அந்தக் கேரக்டர் யாருகிட்ட பேசுது, எந்தப் பதவியில இருந்து பேசுது, எதை மறைக்கப் பேசுதுன்னு கேளுங்க. கேப்டன், தூதர், சக்கரவர்த்தி, இவங்களுக்கெல்லாம் பேச்சே வேலை, அவங்க முழுங்கிப் பேசினாதான் தப்பு. மறைக்கிறவங்க இன்னும் சுவாரஸ்யம். 1965லேர்ந்து 68 வரைக்கும் ஓடின லாஸ்ட் இன் ஸ்பேஸ்ல டாக்டர் ஸ்மித்தா வந்த ஜோனதன் ஹாரிஸ் நியூயார்க் பிராங்க்ஸ்ல பொறந்து வளந்தவரு, அந்த ஊர்ப் பேச்சைத் தானே உழைச்சுக் கழட்டிட்டு இங்கிலாந்து கனவான் மாதிரி பேசக் கத்துக்கிட்டவரு. அந்த ஸ்மித் ஒரு கோழை, ஒரு ஏமாத்துக்காரன், அவன் வாயிலேர்ந்து வர்ற அந்தப் பகட்டான உச்சரிப்பு போலின்னு காதுக்கே தெரியும், தெரியணும், அதுதான் கேரக்டர். ரோபோவைப் பாத்து ஒரே எழுத்துல ஆரம்பிக்கிற வசவுகளை வரிசையா அடுக்கும்போது இந்த ஆளு தன் பயத்தை வார்த்தையால மூடுறான்னு புரியும். கொஞ்சம் ஓவர்தான், ஆனா ஓவரா இருக்குறதுதான் பொருத்தம்.

அதே விஷயத்தை 2022ல வந்த ஸ்டார் வார்ஸ் சீரியல் ஆண்டோர் ரொம்ப நைசா பண்ணிச்சு. நாலாவது எபிசோட்ல, வெளியில பழம்பொருள் வியாபாரியாவும் உள்ளுக்குள்ள ரகசியப் புரட்சிக்காரனாவும் இருக்குற லூத்தன், கப்பல்ல தனியா நின்னு விக்கு வச்சு, மோதிரம் மாட்டி, சிரிப்பை ஒரு தடவை போட்டுப் பாக்குறாரு. அப்புறம் கடையில லூத்தனா வர்ற ஸ்டெல்லான் ஸ்கார்ஸ்கார்டு பேசுற பேச்சு பழம்பொருள் வியாபாரியோட நாடகப் பேச்சு, கடைக்கு வந்த செனட்டர் மான் மோத்மாவோட டிரைவர் காதுகொடுத்துக் கேக்குற வரைக்கும் அது ஓடும். டிரைவர் தள்ளிப் போனதும் லூத்தனோட குரல் கீழ இறங்கி, வேகம் கூடி, வாக்கியம் சின்னதாயிடும். உங்க காதைப் பழக்க இதைவிட நல்ல சீன் இல்ல, இதை முதல்ல பாத்துட்டு மத்ததுக்குப் போங்க.

அடுத்தது கழட்டி வைக்கிற டெஸ்ட், எனக்கு இதுதான் முக்கியம். ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன் 1987ல ஆரம்பிச்சப்ப பேட்ரிக் ஸ்டூவர்ட் ஏற்கனவே ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில பல வருஷம் ஊறினவரு, 1966ல சேந்தாரு. அவரு நடிச்ச கேப்டன் பிகார்டு ஃபிரெஞ்சுக்காரன், பேசுறது சுத்த இங்கிலாந்து மேடை ஆங்கிலம், அதுக்கு சீரியல் பெருசா சமாதானம் சொல்லாது. ஆனா அது ஆக்சென்ட் பஞ்சாயத்து, அதைத் தூக்கி ஓரமா வைங்க. உச்சரிப்பு செட் ஆகுதான்னு பாக்க மூணு எபிசோடு எடுத்துக்கங்க.

ஒண்ணு, 1990ல வந்த த டிஃபெக்டர். ஆரம்பத்துலயே, நிஜம் மாதிரியே காட்சிகளை உருவாக்குற ஹோலோடெக் அறையில, டேட்டாங்கற ஆண்ட்ராய்டு அதிகாரி ஐந்தாம் ஹென்றியா நடிச்சுப் பழகுறான், சண்டைக்கு முந்தின ராத்திரி வேஷம் மாத்திக்கிட்டு ராஜா சிப்பாய்ங்ககூட பேசுற காட்சி. அந்த சிப்பாய்ல ஒருத்தன், தாடியும் அழுக்குமா இருக்குறவன், ஸ்டூவர்ட்டேதான். பிகார்டா அவரு ஓரத்துல நின்னு பாக்குறாரு, அதே சீன்ல சாதாரண ஜனங்களோட கரடுமுரடான பேச்சுல சிப்பாயாவும் பேசுறாரு. யார்க்‌ஷயர்ல எளிய குடும்பத்துல பொறந்து அந்த ஊர்ப் பேச்சோட வளந்தவரு அவரு, மேடை ஆங்கிலம்தான் பிறகு கத்துக்கிட்டது. ஆக பிகார்டோட உச்சரிப்பு அவருக்கு ஒட்டிக்கிட்ட பழக்கம் இல்ல, போட்டுக்கிட்ட சட்டைன்னு ஒரே நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

ரெண்டு, ஃபேமிலி, அதே வருஷம். போர்க் (Borg)ங்கற பாதி இயந்திர வேற்றுலகக் கூட்டத்துகிட்ட சிக்கி மீண்டு வந்த பிகார்டு ஊருக்குப் போயி அண்ணன்கூட திராட்சைத் தோட்டத்துல சேத்துல புரண்டு சண்டை போட்டு, சிரிச்சு, சிரிப்பு அப்படியே அழுகையா மாறுற சீன். இங்க வாக்கியக் கடைசியைக் கவனிங்க. வழக்கமா தூக்கி நிறுத்துற கடைசி வார்த்தை இங்க உடைஞ்சு விழுது, மூச்சு முந்திக்குது. இப்படித் தடுமாறுற கேப்டனை நாம அதிகம் பாத்ததில்ல, அதனாலதான் அந்த அழுகை அவ்ளோ கனமா இருக்கு. எப்பவும் சாதாரணமா பேசுற ஆளு அழுதா அழுகை மட்டும்தான், இங்க அழுகையோட சேந்து ஒரு கட்டடமே சரியுது.

மூணு, 1991ல வந்த டார்மோக். பாஷை புரியாத இன்னொரு கேப்டன் நெருப்புப் பக்கத்துல சாகக் கிடக்கிறாரு, பிகார்டு அவருக்கு மெசபடோமியாவோட பழைய காவியமான கில்கமெஷ் கதை சொல்றாரு. எதிர்ல இருக்குறவரு பாஷையே கதைகளோட பேரையும் ஊரையும் வச்சுப் பேசுற பாஷை, அதனால பிகார்டும் முதல்ல அந்த மாதிரியே பேரும் ஊருமா வெட்டி வெட்டி ஆரம்பிச்சு, அப்புறம்தான் கதைக்குள்ள போறாரு. மேடை நடிகர் ஒருத்தர் கதை சொல்ற சீன் கிடைச்சா விளாசித் தள்ளிடுவாருன்னுதான் நினைப்போம், இவரு அதைக் கையில எடுத்துக்கிட்டு சத்தத்தைக் குறைச்சுக்கிட்டே போறாரு.

முகத்துல மாஸ்க் இருக்குற கேரக்டருக்கு அளவுகோலை மாத்தணும். பாபிலோன் 5ல ஜகாரா வர்ற ஆண்ட்ரியாஸ் கட்சுலாஸ், இங்கிலாந்து நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கோட நாடகக் குழுவுல ரொம்ப நாள் இருந்தவரு. தலை, நெத்தி, கன்னம் எல்லாம் ரப்பர், கண்ணுல சிவப்பு லென்ஸ், புருவத்தை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. முகம் பண்ண வேண்டிய வேலையும் குரல் தலையில விழுது, அப்ப அது நம்ம சாதாரண அளவைவிட பெருசாதான் இருக்கும். முதல் சீசன்ல ஜகார் கொஞ்சம் பஃபூன் வில்லன் மாதிரி முழங்குவான், அதைப் பாத்துட்டு மூடிட்டுப் போயிடாதீங்க. 1995ல வந்த கன்விக்‌ஷன்ஸ் எபிசோட்ல அவனும் பரம எதிரி லோண்டோவும் குண்டு வெடிச்சதுல லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிறாங்க. லோண்டோ சேந்து தப்பிக்கலாம்னு கெஞ்சுறான். ஜகார் அசைய மாட்டேங்கறான், ஏன்னா லோண்டோவை அவனே கொன்னா தண்டனையா ஜகாரோட இனத்துல ஐநூறு பேரு சாகணும், லோண்டோ தானா செத்தா அவன் இனத்துல யாருக்கும் சேதம் இல்ல. இதை அதே தெளிவான அழுத்தமான உச்சரிப்புல, ஆனா ரகசியம் சொல்ற சத்தத்துல, சந்தோஷமா சொல்லிட்டு சிரிக்கிறான். உச்சரிப்பு அப்படியே இருக்கு, சைஸ் மட்டும் சுருங்கிடுச்சு. நல்ல மேடைப் பயிற்சி இருக்குறவங்ககிட்டதான் இது ரெண்டும் தனித்தனியா இயங்கும்.

வாயில நுழையாத விஞ்ஞான வார்த்தை டெஸ்ட் ஒண்ணும் இருக்கு, சின்னது. எஞ்சின் கோளாறு பத்தி நாலு வரி வரும்போது நடிகர் வார்த்தையை ஒப்பிக்கிறாரா, இல்ல அதுல எது ஆபத்தான வார்த்தைன்னு கண்டுபிடிச்சு அதை மட்டும் அழுத்துறாரான்னு பாருங்க. அர்த்தம் புரியாமலே நமக்கு பயம் வந்தா பாஸ். டேட்டா மாதிரி இயந்திரக் கேரக்டர்னா இன்னொரு விஷயம், எழுதினவங்களே அவன் "don't" மாதிரி சுருக்கி ஒட்டிப் பேச மாட்டான், "do not"னுதான் சொல்லுவான்னு விதி வச்சிருக்காங்க, அங்க நீங்க நடிகரைக் குறை சொன்னா ஆள் மாறிப்போச்சு.

எல்லாம் பண்ணியும் முடிவு வராத ஆளு ஒருத்தர் இருக்காரு, ஏவரி புரூக்ஸ். இன்னொரு ஸ்டார் ட்ரெக் சீரியலான டீப் ஸ்பேஸ் நைன்ல விண்வெளி நிலையத் தளபதி சிஸ்கோவா அவரு பேசுற விதம், திடீர்னு ஏறுற சத்தம், எதிர்பாக்காத இடத்துல நிறுத்தம், நிறைய பேருக்கு ஒத்து வரல. 1998ல வந்த இன் த பேல் மூன்லைட்ல அது கச்சிதமா உக்காருது, ஏன்னா மொத்த எபிசோடும் அவரு லாக் பதிவு பண்றதா வச்சு நம்மளப் பாத்து நேரா பேசுறாரு, மேடையில தனியா நின்னு பேசுற பேச்சுக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல, தனக்குத்தானே வக்கீலா நிக்கிற மனுஷன் அப்படித்தான் பேசுவான். அதே வருஷம் அவரே இயக்கின ஃபார் பியாண்ட் த ஸ்டார்ஸ்ல அவரே நடிச்ச 1950கள் காலத்துக் கறுப்பின எழுத்தாளர் பென்னி ரஸ்ஸல் உடைஞ்சு கதறுற சீன் வேற ரகம். அதுல காரணம் இருக்கு, எழுதின கதையையே அழிச்சுட்டாங்க, ஆனா அளவு இருக்காங்கறதுலதான் சண்டை. என் காதுக்கு அது செட் ஆகுது, கேமரா அவ்ளோ கிட்ட இருக்கறதுதான் தொல்லை, நாலடி தள்ளி வச்சிருந்தா ஒருத்தரும் வாயைத் திறந்திருக்க மாட்டாங்க. நீங்க அந்த ரெண்டு எபிசோடையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, ரெண்டாவது ஓவர்னு பட்டா எந்த வரியில ஆரம்பிச்சு ஓவர்னு குறிச்சு வைங்க, அந்த இடத்துல கேமரா எங்க இருக்குன்னும் பாருங்க.