வேகமான மென்பொருளுக்குப் பைத்தானா, சி மொழியா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

நிரல் எழுதக் கற்கத் தொடங்கிய சில நாட்களிலேயே "வேகம் வேண்டுமா, சி மொழிக்குப் போ" என்ற அறிவுரை காதில் விழுந்துவிடும். அவசரப்படாதீர்கள். நேரத்தைத் தின்னும் பகுதி எது என்று தெரியாமல் மொழியை மாற்றினால், மாதக்கணக்கில் உழைத்தும் பலன் இருக்காது.

படி 1: முதலில் பைத்தானில் எழுதி, சரியான விடையை வரவழையுங்கள். இந்தப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னால் வேறு மொழியில் எழுதும்போது விடையை ஒப்பிட்டுப் பார்க்க இதுதான் உரைகல்.

படி 2: அளந்து பாருங்கள். பைத்தானுடன் சேர்ந்தே வரும் 'சி-ப்ரொஃபைல்' (cProfile) கருவியில் நிரலை ஓட்டினால், ஒவ்வொரு ஃபங்ஷனும் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் பகுதி) எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று பட்டியலாகக் காட்டும். 100 விநாடி ஓடும் நிரலில் ஒரு ஃபங்ஷனுக்கு 20 விநாடிதான் செலவாகிறது என்றால், அதை எவ்வளவு வேகப்படுத்தினாலும் மீதி 80 விநாடி அப்படியே இருக்கும். பெரும்பாலான நேரம் இணையத்திலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ பதில் வருவதற்காகக் கழிகிறதா? அப்படியானால் மொழி மாற்றத்தை மறந்துவிடுங்கள். சி மொழியில் எழுதினாலும் அதே நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

படி 3: வழிமுறையைத் திருத்துங்கள். ஒரு லட்சம் எண்கள் இன்னொரு லட்சத்துக்குள் இருக்கின்றனவா என்று லிஸ்டில் தேடினால், மோசமான நிலையில் 1,000 கோடி ஒப்பீடுகள் ஆகும். லிஸ்டை, ஒரு மதிப்பு உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமலே சொல்லிவிடும் 'செட்' ஆக மாற்றினால் ஏறத்தாழ ஒரு லட்சம் தேடல்களில் வேலை முடிந்துவிடும். சி மொழியில் எழுதிய முதல் வழியைப் பைத்தானில் எழுதிய இரண்டாம் வழி தோற்கடித்துவிடும்.

படி 4: எண் கணக்கு என்றால் நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். பைத்தான் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதும் இங்கேதான் புரியும். வழக்கமான 64-பிட் பைத்தானில் ஒரு சிறிய முழு எண்கூட 28 பைட் கொண்ட பொருள்; லிஸ்டில் அதைச் சுட்டும் முகவரிக்கு மேலும் 8 பைட். இரண்டு எண்களைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அவை என்ன வகை என்று பைத்தான் சோதித்த பிறகே கூட்டுகிறது. நம்பையோ 8 பைட் எண்களை நினைவகத்தில் அடுத்தடுத்து வைத்து, சி மொழியில் எழுதப்பட்ட லூப்பால் ஒரே ஓட்டமாகக் கூட்டிவிடுகிறது. ஒரு கோடி வெவ்வேறு எண்களுக்கு லிஸ்ட் சுமார் 360 மெகாபைட் கேட்கும். நம்பைக்கு 80 போதும். கணக்கு வேலைகளில் பெரும்பாலானவை இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

படி 5: இன்னும் போதவில்லையா? அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் சி அல்லது ரஸ்ட் மொழியில் எழுதி, பைத்தானிலிருந்து அழையுங்கள். அடிக்கடி சிறிது சிறிதாக அழைக்காமல், தரவை மொத்தமாகக் கொடுங்கள். சி மொழியில் எழுதுவதாலேயே வேகம் வந்துவிடாது. இரு பரிமாண அணியை வரிசை வரிசையாகப் படியுங்கள். பிராசசர் பெரும்பாலும் 64 பைட்டுகளை ஒன்றாக எடுத்து வருவதால், அடுத்த எண் ஏற்கெனவே கேஷில், அதாவது பிராசசரின் சிறிய வேக நினைவகத்தில், இருக்கும். நெடுக்காகப் படித்தால் அந்த லாபம் போய்விடும். நினைவகத்தைக் கையாள்வதில் தடுமாறுபவர்களுக்கு ரஸ்ட் நல்லது: சி மொழி கண்டுகொள்ளாமல் விடும் பல பிழைகளை அதன் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) முன்கூட்டியே தடுத்துவிடும்.

படி 6: தொடக்கத்திலேயே சி, ரஸ்ட் போன்ற கீழ்நிலை மொழி (கணினியின் நினைவகத்தை நேரடியாகக் கையாளும் மொழி) தேவைப்படும் இடங்களும் உண்டு. விநாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட ஒலியை 256 மாதிரிகளாக அனுப்பும் மென்பொருளுக்கு, ஒவ்வொரு தவணைக்கும் கிடைப்பது 5.3 மில்லிவிநாடிதான். தவறினால் 'டப்' என்ற சத்தம் காதில் கேட்கும். பயன்படாத நினைவகத்தைத் தானே திரட்டி விடுவிக்கும் மொழிகள் எந்த நொடியில் நின்று மூச்சு வாங்கும் என்று சொல்ல முடியாது. உரையாடல் செயலியான டிஸ்கார்டை நடத்தும் நிறுவனம், இப்படித் தானே திரட்டும் கோ மொழியில் எழுதிய ஒரு சேவையில் சுமார் 2 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படித் தாமதம் எகிறியது. அந்தச் சேவையை ரஸ்டில் மாற்றி எழுதியதை 2020இல் விளக்கமாக வெளியிட்டார்கள். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற சிறு மின்னணுப் பலகைகளில் தயங்கவே வேண்டியதில்லை: அதிலுள்ள ரேம் 2 கிலோபைட், நேராகச் சி அல்லது சி++ மொழியில் தொடங்கிவிடுங்கள்.