பொருளாதாரத்தில் பிஎச்.டி.: உதவித்தொகையை எங்கே, எந்த வரிசையில் தேடுவது

எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும் மாணவர் இந்தியாவிலேயே ஆய்வு செய்ய நினைத்தால், முதலில் குறிவைக்க வேண்டியது யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தகுதித் தேர்வின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை). 2023 ஜனவரி முதல் இதன் தொகை முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய். எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆக உயர்ந்த பிறகு மூன்று ஆண்டுக்கு 42,000. விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப் படி தனி. சமூக அறிவியல் பாடங்களுக்குப் புத்தகம், களப்பணிச் செலவுக்கென முதல் இரண்டு ஆண்டு தலா 10,000, பிறகு தலா 20,500 ரூபாய் வரும். இந்தத் தொகை உங்கள் பெயரில் வருவது. பல்கலைக்கழகத்தின் நிதி நிலையை நம்பி இருக்க வேண்டியதில்லை. மற்ற வழிகளைவிட இதை முன்னால் வைப்பதற்கு அதுதான் காரணம்.

தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம். ஜே.ஆர்.எஃப். பெற வயது 30-க்குள் இருக்க வேண்டும், பெண்கள், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. முதல் தாள் 50 கேள்வி, பொருளாதாரத் தாள் 100 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை என்பதால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள். பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் நம் மாணவர்கள் பலர் புள்ளியியல்–எக்கனாமெட்ரிக்ஸ், கணிதப் பொருளாதாரம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு இந்தியப் பொருளாதாரத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஜே.ஆர்.எஃப். கட்-ஆஃப் அதைவிட உயரம்; அந்த இடைவெளியைக் கடக்க உதவுபவை இந்த இரண்டு அலகுகள்தான்.

தமிழ்நாட்டு மாணவர்கள் தேவையில்லாமல் வாய்ப்பை இழக்கும் ஓர் இடம் உண்டு: சாதிச் சான்றிதழ். பி.சி., எம்.பி.சி. என்று மாநில அரசு தந்த அட்டை நெட் தேர்வுக்குச் செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) இல்லை என்பதைக் காட்டும் ஓ.பி.சி. சான்றிதழை மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருப்பது நல்லது. கிரீமி லேயருக்கான 8 லட்ச ரூபாய் ஆண்டு வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் தகுதியுள்ள பலர் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள்.

ஜே.ஆர்.எஃப். கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த சிக்கல் கைடு. 2022 யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். ஓய்வு பெற மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் எடுக்க முடியாது. ஆகவே கடிதத்துக்காகக் காத்திராமல், முடிவு வந்த வாரமே யாரிடம் இடம் காலி என்று விசாரியுங்கள். கடிதத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. சேர்வதற்கு முந்தைய மாதங்களுக்குப் பணமும் வராது.

சேர்ந்த பிறகும் பணம் தானாக வந்துவிடாது. நீங்கள் ஆய்வில் இருக்கிறீர்கள் என்று பல்கலைக்கழக அலுவலகம் மாதந்தோறும் கனரா வங்கியின் இணையதளத்தில் உறுதிசெய்ய வேண்டும்: ஒருவர் பதிவிட, இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். இரண்டில் ஒன்று விடுபட்டாலும் அந்த மாதத் தொகை நிற்கும். அந்த இருவர் யார் என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு தயாராக இருக்கட்டும். முதல் தவணை வந்துசேரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரைக்கான செலவுக்கு வழி செய்துகொண்டு சேருங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் மதிப்பீட்டுக் குழு கூடினால்தான் 42,000-க்கு உயர்வீர்கள். குழுவைக் கூட்டச் சொல்லி இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள். பிஎச்.டி.க்கு ஆறு ஆண்டு அவகாசம் இருந்தாலும் உதவித்தொகை ஐந்து ஆண்டுதான்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால் கதவு மூடிவிடவில்லை. ஓ.பி.சி., எஸ்.சி. பிரிவினருக்கான தேசிய உதவித்தொகைகளும் நெட் மதிப்பெண்ணை வைத்தே தரப்படுகின்றன. நெட் விண்ணப்பத்திலேயே அதைக் குறிப்பிட மறக்கக் கூடாது. பழங்குடியினருக்கான தேசிய உதவித்தொகைக்கு நெட் தேவையில்லை, முதுகலை மதிப்பெண் போதும். தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 25,000 ரூபாய். அதற்கான தேர்வை டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) நடத்துகிறது. ஐ.ஐ.டி.களில் கேட் நுழைவுத் தேர்வின் எக்ஸ்.எச். (மானுடவியல், சமூக அறிவியல்) தாளில் பொருளாதாரத்தைத் தேர்ந்தெடுத்து எழுதியும் முயலலாம். அங்கே வாரம் 8 மணி நேரம் கற்பித்தல் பணியோடு ஜே.ஆர்.எஃப். அளவுக்குத் தொகை தருகிறார்கள். மும்பை ஐ.ஜி.ஐ.டி.ஆர். (இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) தன் ஆய்வாளர்களுக்குத் தானே உதவித்தொகை வழங்குகிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் 8,000 ரூபாய் 2012 முதல் உயரவே இல்லை. அதை மட்டும் நம்பிச் சென்னையிலோ டெல்லியிலோ குடும்பம் நடத்த முடியாது. எந்த வழியானாலும், ஒரே நேரத்தில் இரண்டு உதவித்தொகை வாங்கக் கூடாது.

வெளிநாடு என்றால் கணக்கே வேறு. அமெரிக்காவில் பொருளாதார பிஎச்.டி.க்கு முதுகலைப் பட்டம் கட்டாயமில்லை. நல்ல துறைகள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஐந்தாண்டு உதவித்தொகையும் தருகின்றன. முதுகலைக்கு அப்படித் தருவது அரிது. கடன் வாங்கி எம்.எஸ். படிப்பதற்குப் பதில், ஓராண்டு கணிதத்தைப் பலப்படுத்திக்கொண்டு நேராக பிஎச்.டி.க்கு முயல்வது பலருக்கு நல்லது. ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா இரண்டிலும் மதிப்பெண் இருந்தால் விண்ணப்பம் எடுபடும். பெரும்பாலான கடைசித் தேதிகள் டிசம்பரில் வரும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு நவம்பரிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். முதுகலைதான் வேண்டும் என்றால் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைத் திட்டம் மாதம் 1,400 யூரோ தருகிறது. எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில், இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு 2022-இல் தடை வந்தது. தலைப்பை எழுதும் முன் அந்த ஆண்டின் விதிகளைப் படித்துவிடுங்கள்.

அழைப்புக் கடிதம் வந்தால் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அது 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா, எந்த ஆண்டிலிருந்து வகுப்பெடுக்க வேண்டும், இதரக் கட்டணங்களை யார் கட்டுவது என்ற நான்கையும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை முடிவெடுக்க அவகாசம் தருகின்றன. அதற்கு முன்பே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் இல்லை.