நோய் உள்ளூர்தானா, வந்ததா? கணக்கெடுக்கும் முறை

ஒரு நாட்டில் ஆயிரம் பேருக்கு மலேரியா இருந்தாலும், அத்தனை பேரும் வெளிநாட்டில் கொசுக்கடி பட்டு வந்தவர்கள் என்றால் அங்கே மலேரியா நிலைகொண்ட நோய், அதாவது அங்கேயே தொடர்ந்து பரவும் நோய், அல்ல. எண்ணிக்கையை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் எங்கே கடிபட்டார் என்பதைத் தேடுங்கள்.

முதலில் ஒட்டுண்ணி எந்த இனம் என்று நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பயணம் பற்றிய கேள்வி அதைப் பொறுத்தே மாறும். ஃபால்சிபாரம் என்ற இனம் என்றால் கடித்து 7 முதல் 14 நாளில் காய்ச்சல் வருவதுதான் வழக்கம். கடைசி மூன்று மாதப் பயணத்தைக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். வைவாக்ஸ் என்ற இனம் அப்படியில்லை. கல்லீரலில் உறங்கிக் கிடந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத் தலைதூக்கும். கணக்கு பிசகுவது பெரும்பாலும் இங்கேதான். "போன மாசம் எங்கேயும் போகலீங்க" என்று நோயாளி சொன்னதும் படிவத்தில் 'உள்ளூர்' என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் எங்கே வேலை பார்த்தார், அப்போது காய்ச்சல் வந்ததா, ரத்தம் ஏற்றிக்கொண்டாரா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு வகைபிரியுங்கள். வெளியிலிருந்து தொற்றோடு வந்தவர் ஒரு வகை. அவரைக் கடித்த கொசு பக்கத்து வீட்டுக்காரரைக் கடித்து அவருக்கும் நோய் வந்தால், அது 'அறிமுகமான' தொற்று. இந்த இரண்டையும் உள்ளூர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்கும் அடுத்த சுற்று வந்தால் உள்ளூர்ப் பரவல். தொடர்ந்து 3 ஆண்டு உள்ளூர்த் தொற்று பூஜ்யம் என்றால்தான் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழுக்கு உலக சுகாதார நிறுவனத்திடம் விண்ணப்பிக்க முடியும். இலங்கையில் கடைசி உள்ளூர்த் தொற்று 2012 அக்டோபரில். சான்றிதழ் 2016 செப்டம்பரில். அதற்குப் பிறகும் வெளியிலிருந்து நோயாளிகள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், சான்றிதழுக்கு அதனால் பங்கமில்லை.

நோயைப் பரப்பும் பூச்சி அந்த நாட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சாகஸ் என்பது லத்தீன் அமெரிக்காவில் நிலைகொண்ட ஒட்டுண்ணி நோய். சாகஸ் நோயாளிகள் ஸ்பெயினில் நிறையப் பேர், ஆனால் அதைப் பரப்பும், ரத்தம் உறிஞ்சும் 'முத்தப் பூச்சி' இனம் அங்கே இல்லை. தாயிடமிருந்து குழந்தைக்குப் போகலாம், அது பூச்சிவழிப் பரவல் ஆகாது. அமெரிக்காவில் அந்தப் பூச்சியும் உண்டு, டெக்சாஸில் 1955-லேயே உள்ளூர்த் தொற்று பதிவானது; அது நிலைகொண்ட நோயா இல்லையா என்ற வாதம் அங்கேதான் சூடாக இருக்கிறது.

யானைக்கால் நோய்க்கு வேறு அளவுகோல். ஒரு பகுதியில் பரிசோதித்தவர்களில் 1 சதவீதமோ அதற்கு மேலோ தொற்று இருந்தால் நோய் நிலைகொண்ட பகுதி. பெரும்பாலான இடங்களில் நுண்புழுக்கள் (இந்த நோயைத் தரும் புழுவின் குஞ்சுகள்) இரவில்தான் உடலின் மேற்பரப்பு ரத்தத்தில் தெரியும். இரவு 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவே எடுக்காத ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் நம்பாதீர்கள். வீங்கிய காலைப் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது, அது பழைய தொற்றின் தழும்பாக இருக்கலாம். ஊர் முழுக்க மருந்து கொடுத்து முடித்த இடங்களில் 6, 7 வயதுக் குழந்தைகளைச் சோதிப்பது இதனால்தான்: அவர்களுக்குத் தொற்று இருந்தால், அது அண்மையில் பரவியது.