ஜெபக்குழு நடத்துகிறவர்கள் நாவில் தவறும் இடங்கள்

இந்த வருஷம் எங்கள் பகுதியில் இரண்டு தங்கைகள் புதிதாக வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறார்கள். நன்றாகப் பாடுகிறார்கள், உருக்கமாக ஜெபிக்கிறார்கள். ஆனால் போன வெள்ளிக்கிழமை அவர்களோடு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆரம்ப நாட்களில் நான் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள்.

பொய், சாபம், கெட்ட வார்த்தை பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அது பாவம் என்று ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பக்தியுள்ளவர்கள் பக்தியோடு செய்கிற தவறுகள்தான் என் கவலை.

அடுத்தவர் ரகசியத்தை ஜெபக்குறிப்பாக்குவது

வெள்ளிக்கிழமை ஒரு தங்கை சொன்னாள்: "பேர் சொல்லல. நம்ம தெருதான், மருமகன் வெளிநாட்டுல இருக்கிற வீடு. மக திரும்பி வந்துட்டா. பாரத்தோட ஜெபிங்க." அந்தத் தெருவில் அப்படி ஒரு வீடுதான் இருக்கிறது. கண்மூடி ஜெபித்தவர்கள் கண் திறந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற தவறு இதுதான். திண்ணையில் உட்கார்ந்து புறணி பேசினால் உள்ளே எங்கேயோ உறுத்தும். "ஜெபிங்க" என்று முடித்துவிட்டால் அந்த உறுத்தலும் போய்விடுகிறது. "புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்" என்கிறது நீதிமொழிகள் 11:13. ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் அதில் விலக்கு இல்லை.

நான் செய்தது இதைவிட மோசம். ஒரு அக்கா, விட்டிருந்த குடியை வீட்டுக்காரர் திரும்பவும் தொட்டுவிட்டார் என்று என்னிடம் அழுதார். மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே நான் அதைக் கூட்டத்தில் வைத்து, கண்ணீரோடு ஜெபித்தேன். கூட்டத்தில் இருந்த ஒருவருக்கு மாப்பிள்ளை வீட்டார் தூரத்து உறவு. பத்து நாளில் சம்பந்தம் கலைந்தது. அந்த அக்கா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஒங்ககிட்டதான சொன்னேன். சபைக்கா சொன்னேன்?"

'விவரம் தெரியாமல் எப்படி ஜெபிப்பது' என்று கேட்கிறார்கள். நாம் வேண்டிக்கொள்ளுமுன்னே நமக்கு என்ன தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று மத்தேயு 6:8-இல் இயேசுவே சொல்லிவிட்டார். அப்படியானால் நாம் சொல்லும் விவரம் யார் காதுக்குப் போகிறது? மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலுபேர் சுமந்து வருகிறார்கள். கூரையைப் பிரித்து அவனை இயேசுவுக்கு முன்னால் இறக்குகிறார்கள். அவனைப்பற்றி அவர்கள் பேசியதாக ஒரு வார்த்தைகூட அங்கே எழுதப்படவில்லை.

நான் இப்போது செய்வது இதுதான். ஒருவர் மனம் திறந்தால் அங்கேயே, அவரோடு ஜெபித்து முடித்துவிடுவேன். கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்று தோன்றினால், "இதைச் சொல்லலாமா, எதுவரைக்கும் சொல்லலாம்?" என்று அவரிடமே கேட்பேன். வேண்டாம் என்றால் அதோடு சரி. வேறு யாராவது கூட்டத்தில் அடுத்த வீட்டுக் கதையைத் தொடங்கினால், "கர்த்தருக்குத் தெரியும்மா, ஜெபிப்போம்" என்று இடையிலேயே நிறுத்திவிடுவேன். சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடி உதை, பிள்ளைகளுக்குத் தீங்கு, உயிருக்கு ஆபத்து என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது நாவடக்கம் ஆகாது. காப்பாற்றக்கூடியவரிடம் உடனே சொல்ல வேண்டும். அதற்கும் ஜெபக்கூட்டம் இடமில்லை.

"உண்மையைத்தானே சொன்னேன்"

அடுத்தவர் குறையை ஊருக்குச் சொல்லிவிட்டு நாம் சொல்லும் சமாதானம் இது. எபேசியர் 4:15 சத்தியத்தோடு அன்பையும் சேர்த்தே சொல்கிறது. மத்தேயு 18:15 இன்னும் தெளிவு: குற்றம் செய்தவனிடம் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் உணர்த்து. அவன் கேட்காவிட்டால்தான் இன்னும் இரண்டொருவர், அதன்பிறகே சபை. நாம் தலைகீழாகப் போகிறோம். முதலில் சபைப் போதகரான ஐயரிடம், அப்புறம் கமிட்டிக்காரர்களிடம், கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவருக்கே தெரியவருகிறது.

துக்க வீட்டில் வசனம்

வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்று சொல்லாதீர்கள். ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தேவை ஒரு டம்ளர் தண்ணீரும் பக்கத்தில் ஒரு ஆளும்.

மௌனம்

ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து என்கிற தவநாட்களில் பேச்சைக் குறைப்பது நல்லது. வீட்டுக்காரர் மேல் உள்ள கோபத்தில் பேசாமலிருப்பது அந்தக் கணக்கில் வராது.

வாட்ஸ்அப்

யாருடைய மருத்துவ ரிப்போர்ட்டையும் அவர் கேட்காமல் குழுவில் போடாதீர்கள்.

மன்னிப்பில் "ஆனால்" சேர்ப்பது

அந்த அக்காவிடம் முதல்முறை மன்னிப்புக் கேட்கப் போனபோது, "தப்புதான்க்கா, ஆனா நல்ல மனசோடதான் ஜெபிச்சேன்" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த "ஆனா"வை எடுத்துவிட்டுத் திரும்பவும் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. இரண்டாம்முறை, "நான் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்று மட்டும் சொன்னேன். உட்காரச் சொல்லி காபி கொடுத்தார். எங்கள் கூட்டத்துக்கு அவர் இன்னும் வரவில்லை. மகள் கல்யாணத்துக்கு மட்டும் எனக்குப் பத்திரிகை வந்தது.