அரசு ஆபீஸுக்கு வயர்லெஸ் நெட் குடுக்க டெண்டர் போடறது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்களுக்கு

டவுன் பஞ்சாயத்து, யூனியன் ஆபீஸ், தண்ணி டேங்க் மோட்டார் ரூம், ரோட்டோர கேமரான்னு எல்லாத்துக்கும் இப்ப சிம் ரௌட்டரோ மொட்ட மாடியில ஒரு டிஷ்ஷோ தேவப்படுது. ஆனா நம்ம பக்கம் வயர்லெஸ் வேல பண்ற சின்ன ஆளுங்க டெண்டர்னு கேட்டாலே "அது பெரிய கம்பெனி சமாச்சாரம்பா"ன்னு ஒதுங்கிடறாங்க. அப்படி ஒன்னும் இல்ல. நான் போட்டு பாத்து புரிஞ்சத வரிசையா எழுதறேன்.

பான், ஜிஎஸ்டி, டிஎன்டெண்டர்ஸ் போர்ட்டல் (தமிழ்நாடு அரசு டெண்டர் வெப்சைட்) லாகின், கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் எல்லாம் கைல இருக்குன்னு வச்சுக்கறேன். டோக்கன் வாங்கும்போது சைனிங், என்கிரிப்ஷன் ரெண்டும் சேத்து வாங்குங்க. கிளாஸ் 2-ன்னு யாராச்சும் இன்னும் வித்தா வாங்காதீங்க, அது 2021 ஜனவரியோட முடிஞ்சு போச்சு.

1. டெண்டர் புக்குல மொதல்ல தகுதி பக்கத்த படிங்க

ரேட் பக்கத்துக்கு ஓடாதீங்க. 1998-ல வந்த தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம், 2000-ல வந்த விதிகள், இது ரெண்டுப்படி 2 கோடிக்குள்ள இருக்கற வேலைக்கு குறைஞ்சது 15 நாள் டைம், அதுக்கு மேல 30 நாள். நமக்கு வர்றதெல்லாம் 15 நாள் ரகம் தான், அவசரம்னு காரணம் எழுதி வச்சு அதையும் சுருக்கலாம், அதனால தகுதி இல்லாத டெண்டர்ல ஒரு வாரம் உக்காந்தா போச்சு.

தகுதியில முக்கியமா பாக்க வேண்டியது லைசன்ஸ். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைய 2018-ல லைசன்ஸ் தேவையில்லன்னு தொறந்து விட்டாங்க, அத வச்சு நெறைய பேரு "அப்ப நமக்கு எதுவும் வேணாம்"னு நெனைக்கறாங்க. தொறந்து விட்டது அலைவரிசைய மட்டும் தான். இன்டர்நெட்ட காசுக்கு குடுக்கணும்னா ஐஎஸ்பி (இன்டர்நெட் குடுக்கற கம்பெனி) லைசன்ஸ் வேணும். அதுல மூணு வகை: ஏ நாடு முழுக்க, பி மாநில அளவு, சி ஒரு எஸ்எஸ்ஏ (டெலிகாம் கணக்குல பிரிச்ச வட்டாரம்) அளவு. தருமபுரி எஸ்எஸ்ஏவுக்குள்ளயே கிருஷ்ணகிரியும் வந்துடும், 2004-ல மாவட்டம் பிரிஞ்சாலும் டெலிகாம் கணக்குல ரெண்டும் ஒன்னு தான், அதனால ஒரே சி லைசன்ஸ்ல ஓசூர் வரைக்கும் போலாம். லைசன்ஸ் இல்லாம வேற ஐஎஸ்பிக்கு பார்ட்னரா இருந்தா உங்க பேர்ல போட டெண்டர் விடுதான்னு பாருங்க. பெரும்பாலும் லைசன்ஸ் வச்சிருக்கறவர் பேர்ல தான் போட சொல்வாங்க. 2023 டெலிகாம் சட்டம் வந்ததுலருந்து இந்த பேரெல்லாம் மாறிட்டு வருது, புக்குல என்ன வார்த்தை போட்டிருக்கோ அதுக்கு பொருந்தற காகிதத்த வைங்க.

2. எடத்த நேர்ல போய் பாருங்க

இது தான் எல்லாத்தையும் விட முக்கியம். ஆபீஸ்ல உக்காந்து கூகுள் எர்த்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுல கோடு போட்டு எலிவேஷன் பாத்தா குன்று எங்க மறைக்குதுன்னு தெரியும், மரம் தெரியாது. கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்புக்கு மேல லிங்க் இழுக்கறவங்களுக்கு இது நல்லா தெரியும், தை மாசம் சுத்தமா ஓடற லிங்க் கொழுந்து விட்டு மழையில இலை நனைஞ்சதும் படுத்துடும். 5 கிகாஹெர்ட்ஸ மழை பெருசா ஒன்னும் பண்ணாது, ஈர இலை தான் எமன். அதனால மரம் இன்னும் வளரும்னு கணக்கு வச்சு கம்பத்த ஒசத்துங்க.

சிம் மூலமா குடுக்கறதா இருந்தா போன்ல கோடு எத்தன இருக்குன்னு பாக்காதீங்க, ஆர்எஸ்ஆர்பின்னு சிக்னல் பலத்துக்கு ஒரு நம்பர் காட்டற ஆப் எடுத்துக்குங்க. மைனஸ் 90 பக்கம் இருந்தா நல்லது, மைனஸ் 110-ஐ தாண்டினா வெளி ஆன்டெனா இல்லாம கைய வைக்காதீங்க. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஏழெட்டு மணிக்கு ஒரு தடவ பாக்கணும், ஊரே வீடியோ பாக்கற நேரத்துல வர்ற ஸ்பீடு தான் நெஜ ஸ்பீடு. தளி, அஞ்செட்டி பக்கம் போனா கர்நாடகா டவர் வந்து ஒட்டிக்கும், அதையும் குறிச்சு வைங்க.

ரெண்டு சிம் ரௌட்டர் போட்டா ஒன்னு போனாலும் இன்னொன்னு காப்பாத்தும்னு சொல்வாங்க. ரெண்டு கம்பெனியும் ஒரே டவர்ல ஆன்டெனா மாட்டியிருந்தா கரண்ட் போனா ரெண்டும் சேந்தே போகும். டவர் வேற வேறயான்னு பாருங்க. ரௌட்டர்ல என் ஓட்டு இரும்பு பெட்டி இண்டஸ்ட்ரியல் டைப்புக்கு தான், டாங்கிள் எல்லாம் வேணாம், வெயில்ல வெந்துடும்.

3. டெக்னிக்கல் லிஸ்ட்ல ஒளிஞ்சிருக்கற மூணு வார்த்தை

"அன்லிமிடெட்" (டேட்டாவுக்கு அளவு இல்ல), "ஸ்டேடிக் ஐபி" (மாறாத நெட் முகவரி), "அப்டைம்" (லிங்க் விழாம ஓடற நேரம்). பணம் போறது இந்த மூணுல தான்.

ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ்ல ராத்திரி பகலா அனுப்பினா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, மாசத்துக்கு கிட்டத்தட்ட 650 ஜிபி. தினம் ரெண்டு ஜிபி குடுக்கற சாதா சிம்ம போட்டு இத ஓட்ட முடியாது. அடுத்தது, சாதா சிம்ல வர்ற ஐபி பல பேருக்கு பொதுவானது, வெளிய இருந்து கேமராவ நேரா தொட முடியாது. ஸ்டேடிக் ஐபி கேட்டிருந்தா ஆபரேட்டர்கிட்ட தனி ஏபிஎன் (சிம் நெட்டுக்கு போற வழி) வாங்கணும், அதுக்கு ரேட் வேற, அத எழுத்துல வாங்கிட்டு அப்புறம் கணக்கு போடுங்க.

அப்டைம் 99 சதவீதம்னா 30 நாள் மாசத்துல 7 மணி 12 நிமிஷம் வரைக்கும் விழலாம். 99.5-ன்னா 3 மணி 36 நிமிஷம். 99.9-ன்னா வெறும் 43 நிமிஷம். வத்தல்மலைல ஒரு லிங்க் விழுந்தா தருமபுரியில இருந்து வண்டி எடுத்து மேல ஏறவே 43 நிமிஷம் பத்தாது. கரண்ட் இல்லாம ஆபீஸ்ல பெட்டி அணைஞ்சா அது உங்க கணக்கா அவங்க கணக்கான்னு புக்குல இல்லன்னா கேள்வி கேக்கற கடைசி தேதிக்குள்ள எழுதி கேட்டுடுங்க. அப்புறம் ஃபைன் போட்டாங்கன்னு பொலம்பி புண்ணியமில்ல.

4. பிஓக்யூ ஃபைல் (நம்ம ரேட்ட அடிச்சு ஏத்தற எக்ஸெல்)

என்னைய சுத்த விட்டது இந்த எக்ஸெல் தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

டவுன்லோட் பண்ற ஃபைல் பேர மாத்தவே கூடாது. நாம மாத்த மாட்டோம், பிரவுசர் மாத்திடும். ஒரே ஃபைல ரெண்டாவது தடவ எடுத்தா பேருக்கு பின்னாடி (1)-ன்னு சேத்துடும், அதுலயே உக்காந்து ரேட்டெல்லாம் அடிச்சு ஏத்தினா போர்ட்டல் வாங்காது. வாட்ஸப்ல ஆடிட்டருக்கு அனுப்பி திரும்ப வாங்கினாலும் இதே கூத்து நடக்கலாம். ஒவ்வொரு டெண்டருக்கும் தனி ஃபோல்டர் வச்சு ஒரே ஒரு காப்பி வைங்க.

அடுத்தது மேக்ரோ, எக்ஸெலுக்குள்ள ஓடற சின்ன புரோகிராம். 2022-லருந்து நெட்ல எடுத்த ஃபைல்ல மேக்ரோவ எக்ஸெல் தானா தடுத்துடுது. ஃபைல் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், கீழ அன்பிளாக் டிக், ஓகே, அப்புறம் தொறங்க. ரேட் அடிச்சதும் தொகை எழுத்துல வந்தா மேக்ரோ ஓடுதுன்னு அர்த்தம், வரலன்னா நிறுத்துங்க. ஓசி ஆபீஸ் சாஃப்ட்வேர்ல இத தொறக்கவே தொறக்காதீங்க, ஃபார்மேட் கெட்டா ஏலமே போச்சு. இதுக்காகவாச்சும் ஒரிஜினல் எக்ஸெல் இருக்கற கம்ப்யூட்டர்ல உக்காருங்க.

ரேட் அடிக்கறதுக்கு முன்னாடி யூனிட் கட்டத்த பாருங்க: ஒரு லிங்க்குக்கு மாசமா, வருஷமா? ஜிஎஸ்டி 18 சதவீதம் சேத்தா, சேக்காமலா? மாசம்னு நெனச்சு வருஷத்துக்கான கட்டத்துல அடிச்சா நீங்க தான் எல்1 (எல்லாரையும் விட கம்மி ரேட்), ஆனா பன்னெண்டுல ஒரு பங்கு காசுக்கு வருஷம் பூரா வேல செய்யணும்.

5. ஏத்தறது

ஸ்கேன் எல்லாம் 100 டிபிஐ கருப்பு வெள்ள போதும், சைஸ் கம்மியா இருக்கும். ஈஎம்டி (டெண்டருக்கு கட்டற டெபாசிட்) ஆன்லைனா டிடியான்னு பாத்து முன்னாடியே கட்டுங்க. உத்யம் (சின்ன தொழில் பதிவு) வச்சு விலக்கு கேக்கறவங்க அந்த டெண்டர்ல சேவைக்கும் விலக்கு உண்டான்னு படிங்க. கடைசில ஃப்ரீஸ் பட்டன அமுக்கினா தான் பிட் (நீங்க போடற டெண்டர்) போனதா கணக்கு, அது வரைக்கும் ஏத்தினதெல்லாம் சும்மா. கணக்கு சர்வர் கடிகாரம், உங்க செவுத்து கடிகாரம் இல்ல. கடைசி நாள் மத்தியானம் மூணு மணிக்கு முடியுதுன்னா முந்தின நாளே முடிச்சிடுங்க.

அப்புறம் சேத்தது: ஊத்தங்கரையில இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு, ரேட்ட மாத்தணும்னா பிட்ட வித்ட்ரா பண்ணிட்டு திரும்ப போடலாமான்னு. பண்ணாதீங்க! வித்ட்ரா பண்ணினா அந்த டெண்டர்ல மறுபடி கலந்துக்க முடியாது. ரீசப்மிட்னு தனியா இருக்கு, முடியற நேரத்துக்குள்ள எத்தன தடவ வேணாலும் மாத்தலாம்.

இன்னொன்னு: பாலக்கோட்ல இருந்து ஒரு அண்ணன் போட்ட கமென்ட். திருத்த அறிவிப்பு வந்து பிஓக்யூவ மாத்திட்டாங்க, அவரு பழைய ஃபைல ஏத்த போய் போர்ட்டல் தள்ளி விட்டுடுச்சு. ஏத்தற அன்னைக்கு காலைல டெண்டர் பக்கத்துல திருத்தம் வந்திருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, பிஓக்யூ மாறியிருந்தா பழைய காப்பிய அழிச்சிட்டு புதுச எடுங்க, அப்பவும் பேருக்கு பின்னாடி (1) ஒட்டாம பாத்துக்குங்க.