முதலாண்டுக் கணிதத்தில் மதிப்பெண் எங்கே போகிறது?

போன செமஸ்டரின் எட்டாம் வாரம். குடும்ப நண்பரின் மகன் ஒருவன், இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழக முதலாண்டு படிப்பவன், எங்கள் அடுக்குமாடி புளோக்குக் கீழே மிட்டெர்ம் (செமஸ்டர் நடுவில் வரும் தேர்வு) விடைத்தாளோடு காத்திருந்தான். "அக்கா, விடை 12. நானும் 12தான் போட்டிருக்கேன். மூணுக்கு ஒண்ணு கொடுத்திருக்காங்க. இது நியாயமா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். எக்ஸின் மூன்றாம் படியை வகையிட்டு, எக்ஸ் 2 ஆக இருக்கும்போது சரிவு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவன் எழுதியிருந்தது ஒரே வரி:

எக்ஸ்³ = 3எக்ஸ்² = 12

"இதை வாய்விட்டுப் படி" என்றேன். படித்தான். "எக்ஸ் 2ன்னா இடது பக்கம் எவ்வளவு?" "எட்டு." "நடுவுல?" "பன்னிரண்டு." கொஞ்ச நேரம் பேசவில்லை. எட்டும் பன்னிரண்டும் சமம் என்று அவன் நம்பவில்லைதான். "அடுத்து இதைச் செய்தேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சமக்குறியைப் போட்டிருக்கிறான். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரியில் அவனை இரண்டு ஆண்டுகள் அறிந்த ஆசிரியர், மனத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டு மதிப்பெண் போட்டிருப்பார். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துபவருக்கு அவன் யாரென்றே தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

பாட விவரத்தாளைப் படித்தாயா என்று கேட்டேன். முதல் வாரமே போட்டுவிட்டார்களாம், இவன் திறக்கவில்லை. அங்கேயே அவன் கைப்பேசியில் திறந்தோம். இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது: செய்முறை முழுமையாகவும் சரியான குறியீட்டிலும் இருக்க வேண்டும், இறுதி விடைக்கு மட்டும் முழு மதிப்பெண் கிடையாது.

பல ஆண்டுகளாக முதலாண்டு மாணவர்களுக்கு டுட்டோரியல் (சிறுகுழுப் பயிற்சி வகுப்பு) எடுத்து வருகிறேன். கடினமான தேற்றங்களால் போகும் மதிப்பெண்ணைவிட, பாடம் நம்மிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று தெரியாமல் போகும் மதிப்பெண்தான் அதிகம் என்பது நான் கண்கூடாகப் பார்த்தது. பள்ளியில் ஆசிரியர் துரத்திப் பிடித்துச் சொல்வார், வீட்டுக்கும் போன் வரும். இங்கே யாரும் துரத்த மாட்டார்கள். எல்லாவற்றையும் ஒரு முறை எழுதிப் போட்டுவிடுவார்கள், அதோடு சரி. அந்த அமைதியைப் பார்த்து "கட்டுப்பாடே இல்லை போல" என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் அதிலிருந்து கிளைத்தவைதான்.

தேதியும் டிக்கெட்டும்

விவரத்தாளில் முதலில் பார்க்க வேண்டியவை தேதிகள். மிட்டெர்ம் எந்த நாள், ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் கெடு எந்த மணிக்கு, இறுதித் தேர்வு எப்போது. இவற்றை உங்கள் கைப்பேசியில் மட்டும் போட்டால் போதாது. அம்மாவிடம் சொல்லுங்கள், வீட்டு நாட்காட்டியிலும் குறித்து வையுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முதல் செமஸ்டர் ஆகஸ்டில் தொடங்குகிறது. இறுதித் தேர்வு நவம்பர் கடைசியில் வந்து டிசம்பர் தொடக்கம் வரை நீள்கிறது. நம் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் வரும் காலமும் அதுதான். திருச்சியில் அத்தை மகள் கல்யாணம் என்று ஜூன் மாதமே நான்கு டிக்கெட் எடுத்துவிடுவார்கள். தேர்வு அட்டவணை தெரிய வரும்போது, முகூர்த்தத்துக்கு மறுநாள் காலையில் கணிதத் தேர்வு நிற்கும். குடும்பத் திருமணம் மறுதேர்வுக்குக் காரணமாகப் பொதுவாக ஏற்கப்படாது. ஒரு மாணவி இந்த நிலையில் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அவளுடைய அப்பா டிக்கெட்டை மாற்ற 4 பேருக்கும் பணம் கட்டினார். பெற்றோரும் இதைப் படிக்கிறீர்கள் என்றால், தயவுசெய்து நவம்பர், டிசம்பர் பயணத்தை முடிவு செய்யும் முன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

தீபாவளியும் அப்படித்தான். 2024இல் அக்டோபர் 31ஆம் தேதி வந்தது. செமஸ்டரின் கடைசி வாரங்கள் நெருங்கும் நேரம், ஒப்படைப்புகள் குவியும் நேரம். பொது விடுமுறை என்பதால் அந்த வாரத்துக் கெடு தானாகத் தள்ளிப்போகும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். தள்ளிப்போனால் அறிவிப்பு வரும். வராவிட்டால் பலகாரம் சுடும் நாளுக்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.

உடல்நலக் குறைவுக்கு விதி வேறு. மருத்துவ விடுப்புச் சான்றிதழ் வாங்கியதோடு கடமை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதைக் குறித்த நாள்களுக்குள், குறித்த வழியில் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் அது பல இடங்களில் செல்லாது. காய்ச்சலோடு போய் எழுதிவிட்டு, மதிப்பெண் வந்த பிறகு "அன்றைக்கு உடம்பு சரியில்லை" என்று முறையிட்டால் பெரும்பாலும் எடுபடாது. உடம்பு முடியவில்லை என்றால் தேர்வுக்கு முன்பே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போங்கள்.

கால்குலேட்டரை நம்பி

தொடக்கக் கல்லூரி இறுதியில் எழுதும் ஏ நிலைத் தேர்வுக்கு எச்2 என்னும் முழுநிலைக் கணிதம் எடுத்தவர்கள் கிராஃபிக் கால்குலேட்டரோடும் சூத்திரத் தாளோடும் வளர்ந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் பல முதலாண்டுப் பாடங்களில் சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் மட்டும்தான். சிலவற்றில் அதுவும் இல்லை. சிலவற்றில் நாமே கையால் எழுதிய ஒரு ஏ4 தாள் கொண்டுபோகலாம். ஒரே துறையில் இரண்டு பாடங்களுக்கு இரண்டு விதி இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு முதல் நாள் இரவில் இது தெரியவந்தால் பயிற்சி முழுவதும் தவறான கருவியில் செய்ததாக ஆகிவிடும்.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சிலரைக் கவிழ்ப்பது: கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா? இப்போதே உங்கள் கால்குலேட்டரை எடுத்து சைன் 0.1 கண்டுபிடித்து 0.1 ஆல் வகுத்துப் பாருங்கள். 0.998 என்று வந்தால் ரேடியன். 0.01745 என்று வந்தால் டிகிரி. சைனை வகையிட்டால் கோசைன் வரும் என்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. டிகிரியில் பை வகுத்தல் 180 என்ற காரணி கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த 0.01745 வேறொன்றும் இல்லை, அதே பை வகுத்தல் 180தான்.

"சரியான மதிப்பு தருக" என்று கேட்டால் பை / 6 என்று எழுத வேண்டும். 0.524 என்று எழுதினால் மதிப்பெண் குறையும்.

இன்னொன்றையும் அருகில் காட்டிவிடுகிறேன், ஏனென்றால் இது நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் செய்வது. லோபிதால் விதியை (பின்னத்தின் மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு எல்லையைக் காணும் வழி) கற்ற மறுநாளிலிருந்து எல்லா எல்லைக் கணக்குக்கும் அதையே போடுவார்கள். (எக்ஸ் + 1) / (எக்ஸ் + 2) என்பது, எக்ஸ் 0ஐ நெருங்கும்போது எதை நெருங்கும்? மேலேயும் கீழேயும் வகையிட்டால் 1/1, ஆக விடை 1 என்று எழுதுவார்கள். ஆனால் 0ஐ நேராகப் போட்டுப் பாருங்கள், விடை 1/2. மேலும் கீழும் இரண்டும் 0 ஆகவோ, இரண்டும் முடிவிலியாகவோ போனால்தான் அந்த விதியைக் கையில் எடுக்கலாம். "நிபந்தனை பொருந்துகிறது" என்று ஒரு வரி எழுத வேண்டும் என்று ஆசிரியர்கள் கேட்பது இதற்காகத்தான். அந்த வரியை எழுதும் பழக்கம் உள்ளவர், எழுதப் போகும்போதே தவறைக் கண்டுபிடித்துவிடுவார்.

பத்து மணி நேரம்

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் (என்யூஎஸ்) 4 யூனிட் பாடம் என்றால் (யூனிட் என்பது பாடத்தின் அளவைச் சொல்லும் புள்ளி) வாரத்துக்கு சுமார் 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. விரிவுரையும் டுட்டோரியலும் அதில் பாதியைக்கூடத் தொடாது. மீதி நேரம் முழுக்க நீங்கள் தனியாக உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய நேரம். பாடம் நடப்பது 13 வாரங்கள், நடுவில் ஒரு வார இடைவேளை. விரிவுரைப் பதிவு இருக்கிறதே, அந்த வாரத்தில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு வாரத்தைச் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும் காணொளியில் எல்லாமே புரிவது போலத்தான் இருக்கும். பேனாவை எடுத்தால்தான் புரியவில்லை என்று தெரியும். இடைவேளை முடிந்த கையோடு மிட்டெர்ம் வரும்.

தேசிய சேவை (ஆண்களுக்கான கட்டாயப் படைப்பணி) முடித்து வரும் தம்பிகளுக்குச் சிரமம் இன்னும் ஒரு படி கூடுதல். இரண்டு ஆண்டுகள் கணக்குப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். கால்குலஸ் மறந்துபோனால் பரவாயில்லை, அதை மறுபடி சொல்லிக் கொடுப்பார்கள். பின்னங்களைச் சேர்ப்பது, லாகரிதம், அடுக்குக்குறி விதிகள் மறந்துபோவதுதான் ஆபத்து, அவற்றை இங்கே யாரும் சொல்லித் தர மாட்டார்கள். எக்ஸ்² = 3எக்ஸ் என்பதை இரு பக்கமும் எக்ஸால் வகுத்து, எக்ஸ் = 3 என்று முடித்துவிட்டு, எக்ஸ் = 0 என்ற இன்னொரு விடையைத் தொலைப்பது இப்படித்தான். படையைவிட்டு வந்ததும், வகுப்பு தொடங்குமுன் மூன்று நான்கு வாரம் பழைய உயர்நிலைப் பள்ளி நான்காம் ஆண்டுக் கூடுதல் கணிதப் புத்தகத்தை எடுத்துப் போடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து (பாலிடெக்னிக்) வருபவர்கள், தாங்கள் எந்தப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். என்யூஎஸ்ஸில் எம்ஏ1301 என்ற அறிமுகக் கணிதப் பாடம், ஏ நிலைக் கணிதம் இல்லாதவர்களுக்குப் பாலமாக இருப்பது. அதை எடுப்பதைக் கௌரவக் குறைவாக எண்ணி, விலக்குக் கிடைக்கிறதா என்று அலைபவர்களைப் பார்க்கிறேன். பாலத்தில் நடந்து போனவர்கள் இரண்டாம் ஆண்டில் நிதானமாக நிற்பதையும் பார்க்கிறேன்.

எஸ்/யு வசதியைப் பற்றி ஒரு வார்த்தை, அதாவது தரத்துக்குப் பதிலாகத் திருப்தி (எஸ்) அல்லது திருப்தியில்லை (யு) என்று மட்டும் பதிவாகி, சராசரியில் சேராமல் போகும் வசதி. என்யூஎஸ்ஸில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால்தான் அது 'எஸ்' ஆகும். டி+ வாங்கி எஸ்/யு போட்டால் 'யு', யூனிட்டும் சேராது. எல்லாப் பாடத்துக்கும் அந்த வசதி கிடையாது, அளவும் உண்டு. அதை நம்பிக் கணிதத்தைக் கைவிட வேண்டாம்.

யாருடைய விடை

சேர்ந்து பேசிப் படிப்பது வேறு, சேர்ந்து எழுதுவது வேறு. இந்தக் கோட்டைத்தான் பல பிள்ளைகள் தெரியாமல் தாண்டுகிறார்கள். ஒரு முறை இரண்டு ஒப்படைப்புகளில் ஒரே தவறு, ஒரே இடத்தில். கூட்டல் குறி கழித்தலாக மாறியது மட்டுமல்ல, இரண்டு வரி தள்ளி அது மறுபடி கூட்டலாகத் திரும்பியிருந்தது. தற்செயலாக இப்படி நடக்காது. விசாரித்தபோது, ஒருவன் டெலிகிராம் குழுவில் "பார்த்துக்கோங்க" என்று படம் போட்டிருந்தான், மற்றவன் எழுதிக்கொண்டான். கொடுத்தவனுக்கும் தண்டனை உண்டு என்பது கொடுத்தவனுக்குத் தெரியவே இல்லை. உதவி செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. நண்பனுக்கு உதவ வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள், தாளை அனுப்பாதீர்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றுக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஒவ்வொரு விதி. சில ஆசிரியர்கள் பயன்படுத்தினால் குறிப்பிட்டால் போதும் என்கிறார்கள், சிலர் கூடவே கூடாது என்கிறார்கள். தோழியின் பாடத்தில் அனுமதி இருக்கிறது என்பது உங்கள் பாடத்துக்குச் சான்றாகாது.

கேட்பது

நம் பிள்ளைகளிடம் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். வகுப்பில் கை தூக்க மாட்டார்கள். ஆசிரியரின் ஆலோசனை நேரத்துக்குப் போக மாட்டார்கள். பெரியவர்களை எதிர்த்துக் கேள்வி கேட்கக் கூடாது என்று மரியாதையாக வளர்த்திருக்கிறோம், அந்த மரியாதை இங்கே வாயைக் கட்டிவிடுகிறது. ஆலோசனை நேரம் என்பது ஆசிரியர் மாணவருக்காகவே ஒதுக்கி வைத்த நேரம். பல வாரங்களில் அந்த அறையில் ஆசிரியர் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "ஒண்ணுமே புரியலை" என்றால் அவராலும் எங்கே தொடங்குவது என்று சொல்ல முடியாது. டுட்டோரியல் கணக்கைப் போட்டுப் பார்த்து, எந்த வரியில் நின்றீர்களோ அந்த வரியோடு போங்கள். மின்னஞ்சல் எழுதினாலும் அப்படித்தான்: எந்தப் பாடம், எந்த டுட்டோரியல் குழு, எந்தக் கேள்வி, நீங்கள் செய்த மூன்று வரியின் படம். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதானால் அதற்கென்று கொடுத்த கெடுவுக்குள், எந்த வரியில் ஏன் கூடுதல் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். அப்பாவை அழைத்துப் பேசச் சொல்ல வேண்டாம். பல்கலைக்கழகம் பேசுவது உங்களோடுதான்.

மிட்டெர்ம் தாளோடு வந்த அந்தத் தம்பி ஒன்பதாம் வாரம் மறுபடி வந்தான். இந்த முறை கையில் டுட்டோரியல் தாள். மூன்றாம் கேள்விக்கு நான்கு வரி எழுதியிருந்தான், ஒவ்வொரு வரியிலும் சமக்குறியின் இரு பக்கமும் உண்மையிலேயே சமமாக இருந்தன. நான்காவது வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கேள்விக்குறி. "இங்கேர்ந்துதான் புரியலை, அக்கா" என்றான். கல்மேசையில் தாளை விரித்து, அந்த வரியிலிருந்து தொடங்கினோம்.