பெட்டியில போட்ட வேகம் உங்க ரைஃபிள்ல வருதா? தோட்டாவை டெஸ்ட் பண்றது எப்படி

தோட்டாப் பெட்டி மேல 2710 எஃப்பிஎஸ்னு (நொடிக்கு இத்தனை அடி வேகம்) போட்டிருக்கு, என் ரைஃபிள்ல 2630தான் வருது, ஏமாத்திட்டாங்களான்னு ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) புதுசா வர்றவங்க கேக்காத நாளே இல்ல. ஏமாத்தலைங்க. அந்த நம்பர் 24 இன்ச் டெஸ்ட் பேரல்ல (துப்பாக்கிக் குழல்ல) எடுத்தது, உங்க பேரல் 20 இன்ச்சா இருக்கும், இன்ச்சுக்கு 20, 25 எஃப்பிஎஸ் குறைஞ்சாலே கணக்கு சரியாப் போச்சு. அதனாலதான் சொல்றேன், பெட்டி நம்பரை நம்பி, குண்டு எவ்வளவு கீழ இறங்கும்னு கணக்குப் போடுற ஆப்ல போடாதீங்க, உங்க பேரல்ல நீங்களே அளந்து பாருங்க.

6.5 க்ரீட்மோர்ங்குற தோட்டா வகையை வச்சே சொல்றேன், அமெரிக்காவுல எந்த ரேஞ்சுக்குப் போனாலும் பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் அதைத்தான் சுட்டுட்டு இருப்பாரு. 2007-ல ஹார்னடிங்குற அமெரிக்கத் தோட்டா கம்பெனி கொண்டு வந்தது. பழைய .308 தோட்டாவை விட லேசான உதை, ஆனா ஒல்லியா நீளமான குண்டு, அதனால தூரம் போகப் போக வேகத்தைக் கம்மியாத்தான் விடும். 140 கிரெயின் (குண்டு எடையைச் சொல்ற அலகு) மேட்ச் குண்டுன்னா, அதாவது போட்டிக்குன்னு செஞ்ச குண்டுன்னா, எடை 9 கிராம் சொச்சம். ஒரு வார்த்தை இப்பவே தெளிவாயிடட்டும்: தோட்டான்னா பித்தளைக் கூடு, பிரைமர் (அடிச்சா பொறி குடுக்குற சின்ன மூடி), வெடிமருந்து, குண்டு எல்லாம் சேந்த முழு செட், பறந்து போறது குண்டு மட்டும். ரெண்டையும் குழப்பிக்கிட்டா கீழ வர்றது எதுவும் புரியாது.

முதல்ல நம்மால டெஸ்ட் பண்ண முடியாத ஒண்ணு, பிரஷர், அதாவது மருந்து எரியும்போது உள்ள வர்ற அழுத்தம். அது லேப் வேலை. சாமி (நம்ம சாமி இல்லீங்க, 1926-ல ஆரம்பிச்ச அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி கம்பெனிகளோட சங்கம்) 6.5 க்ரீட்மோருக்கு வச்ச உச்ச வரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்). கனமான டெஸ்ட் பேரல்ல சேம்பர் (தோட்டா உக்கார்ற இடம்) பக்கத்துலயே பீசோ சென்சார் (அழுத்தத்தை மின்சாரமா மாத்திக் காட்டுறது) பதிச்சு அளப்பாங்க, அந்தக் காலத்துல ஒரு சின்ன செம்பு உருளை எவ்வளவு நசுங்குதுன்னு பாத்துத்தான் கணக்குப் போட்டாங்க. .277 ஃப்யூரிங்குற தோட்டாவுக்கு வரம்பு 80,000, அதுக்குப் பித்தளை மட்டும் தாங்காதுன்னு கூட்டோட அடிப்பாகத்தை ஸ்டீல்ல பண்ணியிருக்காங்க. வீட்டுல பிரைமரைப் பாத்து பிரஷர் சொல்றேன்னு சொல்றவங்க ஜோசியம் சொல்றாங்கன்னு வச்சுக்கோங்க. ஆனா போல்ட் (சேம்பரைப் பின்னாடி பூட்டுற தண்டு) தூக்க கஷ்டமா இருந்தாலோ, பிரைமர் கழண்டு விழுந்தாலோ உடனே நிறுத்திடுங்க, அடுத்த ரவுண்டு வேண்டாம்.

சரி, நாம பண்ணக்கூடியதுக்கு வருவோம். ஒரே லாட் நம்பர் உள்ள பெட்டியா ரெண்டு வாங்குங்க, 20 + 20 நாப்பது ரவுண்டு. லாட் வேறன்னா உள்ள இருக்குற மருந்தும் வேற பேட்சா இருக்கலாம், அப்புறம் நீங்க அளக்குறது ரெண்டு தோட்டாவை. காருக்குள்ள வெயில்ல விட்ட பெட்டியை எடுத்துட்டு வந்து டெஸ்ட் பண்ணாதீங்க, மருந்து சூடானா வேகம் ஏறும். சுட்டுச் சூடான சேம்பருக்குள்ள தோட்டாவைப் போட்டுட்டு ரெண்டு நிமிஷம் பேசிட்டு இருந்தாலும் அதே கதைதான்.

வேகம் அளக்க க்ரோனோகிராஃப் வேணும். பழைய ரகம் முன்னாடி ஸ்டாண்டுல நிக்கும், ரெண்டு சென்சாருக்கு மேல குண்டோட நிழல் கடக்குற நேரத்தை வச்சுக் கணக்குப் போடும், மேகம் வந்தா ஒரு நம்பர் வெயில் வந்தா ஒரு நம்பர்னு கடுப்பேத்தும், அதுவும் இல்லாம அதைச் சுட்டுடலாம், நான் சுட்டிருக்கேன், வாங்கின மூணாவது வாரம். பேரல் முனையில கட்டுற காந்த ரகம் கரெக்டா அளக்கும், ஆனா முனையில எடை தொங்குறதால குண்டு விழுற இடமே மாறும், அதனால அதைக் கட்டிக்கிட்டு க்ரூப் (ஓட்டைங்க எவ்வளவு நெருக்கமா விழுதுங்குறது) பாக்காதீங்க. 2023-ல வந்த கார்மின் ஸீரோ மாதிரி சின்ன ரேடார் டப்பா பெஞ்சுல பக்கத்துலயே உக்காந்துக்கும், பேரலைத் தொடவே தொடாது. காசு இருந்தா அதையே வாங்குங்க, இல்லன்னா ரேஞ்சுல யார்கிட்டயாவது கேளுங்க, பெரும்பாலும் குடுப்பாங்க.

கண்ணாடி, காதுக்கு மஃப், ரேஞ்ச் ஆபீசர் சொல்றதைக் கேக்குறது, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. பேரலைத் துடைச்சுட்டு வந்திருந்தா முதல் அஞ்சாறு ரவுண்டு சும்மா சுட்டு விடுங்க, அது கணக்குல சேராது. அப்புறம் 100 யார்டுல ஒரே டார்கெட், முன்னாடி பைபாட் (ரெண்டு கால் ஸ்டாண்டு) பின்னாடி மணல் பை, நிதானமா 20 ரவுண்டு. அஞ்சு சுட்டதும் பேரல் ஆறட்டும். நடுவுல ஒண்ணு விலகிப் போனா "அது என் தப்பு, கணக்குல வேண்டாம்"னு தூக்கிப் போடுற பழக்கத்தை விட்டுடுங்க, அப்படித் தூக்கித் தூக்கித்தான் எல்லார் ரைஃபிளும் நெட்ல அரை எம்ஓஏ (100 யார்டுல அரை இன்ச் சொச்சம்) சுடுது.

இப்ப மெஷின் மூணு நம்பர் காட்டும். சராசரி, எஸ்டி (வேகம் சராசரியிலேர்ந்து எவ்வளவு சிதறுதுங்குற அளவு), அப்புறம் ஈஎஸ், அதாவது ரொம்ப வேகமா போனதுக்கும் ரொம்ப மெதுவா போனதுக்கும் உள்ள வித்தியாசம். இங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. அஞ்சு ரவுண்டு சுட்டு எஸ்டி 10-னு வந்துச்சுன்னா நிஜ எஸ்டி 6-லேர்ந்து 29 வரைக்கும் எங்க வேணா இருக்கலாம், சும்மா சொல்லல, 95 சதவீத நம்பிக்கைக்குப் புள்ளியியல் கணக்குல வர்றது அதுதான். 20 ரவுண்டு சுட்டா அதே 10-க்கு 7.6-லேர்ந்து 14.6-னு சுருங்கிடும். அதனால மூணு ரவுண்டு சுட்டு "எஸ்டி 4"-னு ஸ்க்ரீன்ஷாட் போடுறவரைப் பாத்தா லைக் போட்டுட்டு நகந்துடுங்க. ஈஎஸ் இன்னும் மோசம், சுடச் சுட அது ஏறத்தான் செய்யும், இறங்கவே இறங்காது.

க்ரூப்புக்கும் இதே கணக்குதான், மூணு ஓட்டையை அளக்காதீங்க, இருபதையும் சேத்து அளங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கும். 100 யார்டுல 1 எம்ஓஏன்னா 1.047 இன்ச். ஆனா க்ரூப் நல்லா இருக்குன்னா எஸ்டியும் நல்லா இருக்கும்னு அர்த்தமில்ல, 30 எஃப்பிஎஸ் வித்தியாசம் 100 யார்டுல ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் மேல கீழ காட்டும், கண்ணுக்கே தெரியாது. அதே 30 எஃப்பிஎஸ் 1000 யார்டுல எட்டு ஒம்போது இன்ச்.

தூரமா சுடுறவங்களுக்கு அடுத்தது பிசி, குண்டு காத்தை எவ்வளவு நல்லா கிழிக்குதுங்குற நம்பர். ஹார்னடியோட 140 கிரெயின் இஎல்டி மேட்ச் குண்டுக்கு ஜி1-ல .646, ஜி7-ல .326. ஒரே குண்டுக்கு ஏன் ரெண்டு நம்பர்னா, ஜி1 பழைய காலத்துக் கட்டையான குண்டோட ஒப்பிடுறது, ஜி7 இப்ப வர்ற நீளமான, பின்பக்கம் குறுகின குண்டோட ஒப்பிடுறது. ஆப்ல ஜி7-னு செலக்ட் பண்ணிட்டு .646 போட்டீங்கன்னா குண்டு வெண்ணெயில போற மாதிரி போகுதுன்னு ஆப் நினைச்சுக்கும், நீங்க 1000 யார்டுல நிக்குற டார்கெட் தகட்டுக்குக் கீழ மண்ணைக் கிளப்பிட்டு நிப்பீங்க. அளந்த வேகத்தைப் போட்டு, ஜி7 போட்டு, 600 யார்டுல ஒரு தடவை 1000-ல ஒரு தடவை நிஜமா சுட்டுப் பாருங்க. ஆப் சொன்னதுக்கும் நிஜத்துக்கும் சின்ன வித்தியாசம் வந்தா வேகத்தை லேசா மாத்துங்க. அதுக்குப் பேரு ட்ரூயிங். வித்தியாசம் பெருசா வந்தா முதல்ல ஸ்கோப் (குறி பாக்குற தொலைநோக்கி) க்ளிக் சரியா நகருதான்னு பாருங்க, தோட்டா மேல பழி போடாதீங்க.

வேட்டைக்குப் போறவங்களுக்கு இது மட்டும் பத்தாது, குண்டு உள்ள போய் எப்படி விரியுதுன்னு தெரியணும். அதுக்கு 10 சதவீத ஜெலட்டின் கட்டி, 4 டிகிரி செல்சியஸ்ல வச்சு சுடுவாங்க. சுடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன .177 ஸ்டீல் உருண்டையை 590 எஃப்பிஎஸ்ல அடிச்சு 8.5 சென்டிமீட்டர் பக்கம் போய் நிக்குதான்னு பாப்பாங்க, நின்னாத்தான் அந்தக் கட்டி சரியான பதம், இல்லன்னா அதுல வர்ற ரிசல்ட்டை மத்ததோட ஒப்பிட முடியாது. யூட்யூப்ல முக்கால்வாசிப் பேர் இந்த உருண்டை வேலையைப் பண்றதே இல்ல. மேட்ச் குண்டை வேட்டைக்கு எடுத்துட்டுப் போகாதீங்கங்குறது என் கருத்து, துல்லியத்துக்குன்னு செஞ்சது அது, எப்படி விரியும்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல.

நோட்டுல தேதி, வெப்பநிலை, பேரல் நீளம், லாட் நம்பர், இருபது வேகமும் எழுதி வைங்க, சராசரியை மட்டும் இல்ல. ரெண்டு பெட்டியில மிச்சமிருக்குறதைக் குளிர்காலத்துக்கு வச்சிருந்து அதே பெஞ்சுல திரும்பச் சுடுங்க, வேகம் எவ்வளவு இறங்குதுன்னு அப்பத்தான் கையில ஒரு நம்பர் கிடைக்கும். அந்த லாட் நல்லா வந்துச்சுன்னா மட்டும் குளிர்காலம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னைக்கே கடைக்குப் போய் அதே லாட்ல இருக்குற பெட்டியை எல்லாம் வாங்கிடுங்க, அடுத்த வாரம் போனா வேற லாட் வந்திருக்கும், மறுபடி முதல்லேர்ந்து இருபது ரவுண்டு.